உயில் இல்லாமல் ஒருவர் மறைந்தால்: சொத்தைப் பிரிக்கும் வேலை முதன்முறையாக உங்கள் தலையில் விழும்போது

உறவினர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்; அவர் விட்டுச்சென்றதை நீங்களும் மற்ற வாரிசுகளும் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; உங்களில் ஒருவருக்கும் இதில் முன்னனுபவம் கிடையாது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. என் தாய்மாமா திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, உயில் எதுவும் எழுதாமல் காலமானபோது, என் அம்மாவின் சார்பில் காகித வேலை முழுவதையும் பார்த்தவன். அம்மா, பெரியம்மா, சின்ன மாமா ஆகிய மூவரும் வாரிசுகள். அதுவரை அவர்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இருந்ததில்லை. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், மாமா வீட்டிலிருந்த பழைய தையல் இயந்திரத்தைச் சின்ன மாமா வீட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சும்மா கிடக்கிறதே, துருப்பிடித்துவிடுமே என்ற நல்ல எண்ணத்தில்தான் எடுத்துப் போனார்கள். ஆனால் அடுத்த எட்டு மாதங்கள் நாங்கள் பேசிய பேச்சில் பாதி அந்த இயந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது. வீட்டைப் பற்றிக்கூட அத்தனை வாக்குவாதம் நடக்கவில்லை.

அங்கே பிழையாகிப் போனது வரிசை. யாருக்குப் பங்கு, எவ்வளவு பங்கு, மொத்தம் என்ன இருக்கிறது, கடன் போக மீதி எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்ற கேள்விகளெல்லாம் தீர்ந்த பிறகுதான் எந்தப் பொருள் யாருக்கு என்ற கேள்வி வர வேண்டும். சட்டம் நமக்குத் தருவது பின்னத்தை மட்டுமே: மூன்றில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று அது சொல்லும். தையல் இயந்திரம் யாருக்கு என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. அதை நீங்களே ஒரு முறைப்படி தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த முறையை யார் கையும் எந்தப் பொருளின்மீதும் படுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

முதல் சில நாட்கள்

இறந்தவரின் வீடு இனி யாருடைய வீடும் அல்ல என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூட்டுங்கள், சாவிகளை ஒருவரிடம் கொடுத்து, எத்தனை சாவி, யாரிடம் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். பூட்டுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும், ஒவ்வோர் அலமாரியையும் திறந்த நிலையில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறைகளை விட்டுவிடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரிசுகள் உடனிருக்கும்போது இதைச் செய்வது நல்லது. வீட்டுக்கோ வண்டிக்கோ காப்பீடு இருந்தால், அது தொடர்கிறதா, ஆள் இல்லாத வீட்டுக்கும் பொருந்துமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இறந்தவரின் வங்கி அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுக்காதீர்கள். கடவு எண் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அவரே பல முறை உங்களை அனுப்பிப் பணம் எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த அனுமதி அவர் உயிர் பிரிந்ததோடு முடிந்துவிட்டது. அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும் பொதுவாக அவருடைய மரணத்தோடு செயலிழந்துவிடுகிறது. அதன்பின் அதை வைத்துக் கையெழுத்திடுவது பெரும் சிக்கலில் கொண்டுபோய் விடும். ஈமச் செலவை உங்கள் கையிலிருந்து செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாச் சட்டங்களிலும் நியாயமான ஈமச் செலவு சொத்திலிருந்து முதலில் கழிக்கப்படும் செலவுகளில் ஒன்று.

இறப்புச் சான்றிதழின் அசல் பிரதிகளை, தேவை என்று தோன்றுவதைவிடக் கூடுதலாகவே வாங்குங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், நிலப் பதிவு என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள்.

இன்னொன்று, பலரும் தவறுவது: அவருடைய தொலைபேசி எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். கடன்காரர், வாடகைக்காரர், காப்பீட்டு முகவர் என்று பலரும் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். உங்களுக்குத் தெரியாத கணக்குகள் இருப்பதை அதற்கு வரும் குறுஞ்செய்திகளே காட்டிக்கொடுக்கும். மாமாவின் வைப்புத்தொகை ஒன்று இருந்ததே ஒரு வட்டிக் குறுஞ்செய்தியால்தான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டணத்தைக் கட்டி எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

உயில் உண்மையிலேயே இல்லையா

‘உயில் இல்லை’ என்பதும் ‘உயில் கண்ணில் படவில்லை’ என்பதும் வேறு வேறு. வங்கி லாக்கர், அவருக்குப் பத்திரம் எழுதிய வழக்கறிஞர், பதிவு அலுவலகம், உயில் பதிவேடு வைத்திருக்கும் நாடாக இருந்தால் அந்தப் பதிவேடு ஆகியவற்றில் தேடுங்கள். பழைய நாட்குறிப்பையும் தள்ளிவிடாதீர்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஒருவர் தம் கைப்பட முழுவதும் எழுதிக் கையெழுத்திட்ட உயில் சாட்சிகள் இல்லாமலே செல்லும். இந்தியாவில் பொதுவாக இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஆகவே ஒரு தாள் செல்லுமா செல்லாதா என்பதை நீங்களே முடிவுசெய்து கிழித்துப் போடாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உயில் கிடைத்து, அது சொத்தின் ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே சொல்கிறது என்றால், மீதிப் பகுதி உயில் இல்லாத சொத்தாகவே பிரிக்கப்படும்.

எந்தச் சட்டம், யாருக்கு எவ்வளவு

இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். ஏனெனில் எல்லோரும் தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள்.

முதலில், எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள். ஆங்கிலேய மரபில் வந்த சட்டங்களில் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்து அது இருக்கும் நாட்டின் சட்டப்படியும், பணம், நகை போன்ற அசையும் சொத்து இறந்தவரின் நிலையான தாயகம் எதுவோ அந்த நாட்டின் சட்டப்படியும் பிரிக்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில், 17 ஆகஸ்ட் 2015 முதல் நிகழும் மரணங்களுக்கு, இறந்தவர் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே பொதுவாகச் சொத்து முழுவதற்கும் பொருந்துகிறது. இரண்டு நாடுகளில் சொத்து வைத்திருந்தவர் இறந்தால், ஒரே குடும்பத்தில் ஒரு சொத்துக்கு ஒரு விகிதமும் இன்னொரு சொத்துக்கு வேறு விகிதமும் வருவது இதனால்தான். சில நாடுகளில் இறந்தவரின் மதத்தைப் பொறுத்தும் சட்டம் மாறும்.

அடுத்தது வாரிசுகள். சட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் மனைவியோடும் பிள்ளைகளோடும் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசாகச் சம பங்கு பெறுகிறார். இங்கிலாந்துச் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்குப் பங்கே இல்லை. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மனைவி இறந்திருந்தால் கணவருக்கு நான்கில் ஒரு பங்கு. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும், சட்டப்படி தத்தெடுக்கப்படாத, துணைவரின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளுக்கும் பல நாடுகளில் தானாகப் பங்கு வருவதில்லை. அவர்களில் யாராவது இறந்தவரை நம்பி வாழ்ந்திருந்தால், தனியாக மனுச் செய்யும் உரிமை உண்டா என்று கேளுங்கள். கருவில் இருக்கும் குழந்தை உயிருடன் பிறந்தால் அதுவும் வாரிசு. பிரசவம் வரை பங்கீட்டை நிறுத்திவைக்க வேண்டும்.

அதிகம் தடுமாறவைப்பது, வாரிசுகளில் ஒருவர் முன்பே இறந்து அவருடைய பிள்ளைகள் இருக்கும் நிலை. மூன்று மகள்கள் உள்ள ஒருவர் இறக்கிறார். மூத்த மகள் முன்பே காலமாகி, அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேரக் குழந்தைகள் தாயின் இடத்தில் நின்று, தாய்க்கு வர வேண்டிய மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குள் பிரித்து ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு பெறுவதைக் கிளைவாரிப் பங்கு எனலாம். நால்வருக்கும் தலைக்கு நான்கில் ஒரு பங்கு என்று போடுவது தலைவாரிப் பங்கு. நேர் வம்சத்தில் கிளைவாரி முறையைப் பல சட்டங்கள் ஏற்கின்றன. உடன்பிறந்தவர்களுக்கு வரும்போது அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்த சகோதரனின் பிள்ளைகள் அவனுடைய பங்கைப் பெறுவார்கள். மேற்சொன்ன 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, வரிசை உடன்பிறந்தவர்களுக்கு வந்துவிட்டால், உயிரோடிருக்கும் சகோதர சகோதரிகளே முழுவதையும் பெறுகிறார்கள். முன்பே இறந்த சகோதரனின் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பெரிய மாமா முன்பே இறந்திருந்தார். அவருடைய இரண்டு மகள்களுக்குச் சட்டப்படி ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. மூவரும் முதலில் சட்டப்படி தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டு, பிறகு தத்தம் பங்கிலிருந்து அந்தப் பெண்களுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். அப்படிச் செய்ய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சொத்துப் பங்கீடும் அதன்பின் தரும் கொடையும் தனித்தனிச் செயல்கள், தனித்தனிப் பத்திரங்கள், சில நாடுகளில் தனித்தனி வரிகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, வாரிசுப் பட்டியலில் இல்லாத பெயரைச் சேர்த்து எழுதினால் பத்திரமே கேள்விக்கு உள்ளாகும்.

வம்சாவளியை ஒரே தாளில் வரைந்து, இறந்தவர்களின் இறந்த நாளையும் எழுதி, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தவறு இருக்கிறது.

யார் பொறுப்பேற்பது

உயில் இருந்தால் அதிலேயே நிறைவேற்றுபவர் பெயர் இருக்கும். இல்லாதபோது வாரிசுகளில் ஒருவர் முன்வர வேண்டும். ஆங்கிலேய மரபுச் சட்டங்களில் நீதிமன்றம் அவருக்கு நிர்வாக அதிகாரப் பத்திரம் தருகிறது. வேறு இடங்களில் நோட்டரியோ வருவாய்த் துறையோ தரும் வாரிசுச் சான்றிதழ் போதும். எது வேண்டும் என்பது சொத்தின் வகையையும் தொகையையும் பொறுத்தது. ஒவ்வொரு வங்கியிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பி அலையாதீர்கள்.

பொறுப்பேற்பவர் உள்ளூரில் இருப்பவராகவும், கணக்கு எழுதச் சலிக்காதவராகவும் இருக்கட்டும். மூத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரைப் போடுவது சரிவராது. அவர் சொத்தின் பணத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரவும் செலவும் அதன் வழியாகவே நடத்தி, மாதம் ஒரு முறை கணக்கை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அவருடைய சொந்தப் பணம் ஒரு காசும் அதில் கலக்கக் கூடாது. கணக்கைத் தானாக அனுப்புகிறவரிடம் யாரும் சந்தேகக் குரலில் கணக்குக் கேட்பதில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன்.

என்னென்ன இருக்கிறது, என்னென்ன இதில் சேராது

பட்டியல் எழுதும்போது இறந்தவர் பெயரில் இருப்பதெல்லாம் பங்குக்கு வந்துவிடாது என்பதை நினைவில் வையுங்கள். இருவர் கூட்டாக வைத்திருந்த வீடு, எஞ்சியவருக்கே முழுவதும் செல்லும் வகையில் எழுதப்பட்டிருந்தால் அது பங்கீட்டுக்கு வெளியே போய்விடும். தனித்தனிப் பங்காக எழுதப்பட்டிருந்தால் இறந்தவரின் பங்கு மட்டும் உள்ளே வரும். பத்திரத்தின் சொற்களைப் படித்தால்தான் தெரியும்.

நியமனதாரர், அதாவது நாமினி, என்ற சொல் பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டிலோ ஓய்வூதியக் கணக்கிலோ பயனாளி என்று குறிக்கப்பட்டவருக்கே பொதுவாகப் பணம் சொந்தம். இந்தியாவில், நிறுவனப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அவற்றின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 2023-இல் தீர்ப்பளித்தது. அவர் பெற்றுக்கொண்டாலும் வாரிசுகளுக்கே அது சேர வேண்டும். ஆயுள் காப்பீட்டிலோ, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டம் சொல்கிறது. ஒரே நாட்டில், ஒரே சொல்லுக்கு, இரண்டு பொருள்கள்! ஆகையால் ஒவ்வொன்றின் எதிரிலும் ‘நாமினி யார்’ என்று எழுதுவதோடு, ‘அந்த வகைக்குச் சட்டம் என்ன சொல்கிறது’ என்ற இன்னொரு பத்தியும் போடுங்கள்.

அவர் பிறருக்குக் கொடுத்த கைமாற்று, திரும்ப வர வேண்டிய முன்பணம், நிலுவையிலுள்ள ஓய்வூதியம் ஆகியவையும் சொத்துதான். அவரிடம் பிறர் கொடுத்து வைத்த பொருள் சொத்தில் சேராது.

கடனைத் தீர்க்காமல் பங்கு இல்லை

பிரிப்பதற்குரியது கடன் போக மீதி மட்டுமே. அடமானம், வங்கிக் கடன், வரி நிலுவை, மருத்துவமனைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இறந்தவரின் கடைசி வருமான வரிக் கணக்கையும் யாராவது தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

கடன் சொத்தைவிட அதிகமாக இருக்குமோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், எதையும் தொடுவதற்கு முன் ஆலோசனை பெறுங்கள். ஆங்கிலேய மரபில் கடன் சொத்தோடு நிற்கிறது. வாரிசு தம் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை, பெற்றுக்கொண்ட அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால் ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் வாரிசுரிமையோடு கடனும் தானாக வந்து சேர்கிறது. வேண்டாம் என்பவர், தமக்கு வாரிசுரிமை வந்தது தெரிந்ததிலிருந்து ஜெர்மனியில் பொதுவாக 6 வாரங்களுக்குள்ளும் ஜப்பானில் 3 மாதங்களுக்குள்ளும் முறைப்படி மறுக்க வேண்டும். ஜப்பானில், அதற்கிடையே சொத்தில் ஒன்றை விற்றுவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

தெரியாத கடன்காரர்களுக்காக அறிவிப்பு வெளியிட்டுக் காத்திருப்பது நல்ல பாதுகாப்பு. இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வாறு அறிவித்து, குறைந்தது 2 மாதங்கள் அவகாசம் தந்து, பிறகு பங்கிட்ட நிர்வாகிமீது தாமதமாக வரும் கடன்காரர் தனிப்பட்ட முறையில் பாய முடியாது. பல ஆங்கிலேய மரபுச் சட்டங்களில், மரணத்திலிருந்து ஓராண்டு முடியும் வரை பங்கிடும்படி நிர்வாகியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே ‘இன்னுமா பிரிக்கவில்லை’ என்று நான்காவது மாதத்தில் யாராவது கேட்டால், பொறுப்பில் இருப்பவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

மதிப்பும், முன்பே வாங்கிக்கொண்டதும்

ஒவ்வொரு பெரிய சொத்துக்கும் இரண்டு மதிப்பு குறித்துக்கொள்ளுங்கள். இறந்த நாளின் மதிப்பு வரிக் கணக்குக்கு உதவும்; பங்கிடும் நாளை ஒட்டிய மதிப்பு, உங்களுக்குள் சமன்செய்ய உதவும். இடையில் ஒன்றரை ஆண்டு போய், நிலத்தின் விலை ஏறி, பங்குச்சந்தை இறங்கியிருந்தால், பழைய மதிப்பை வைத்துப் பிரிப்பது ஒருவருக்கு அநியாயமாகிவிடும். வீட்டுக்கும் நிலத்துக்கும் வாரிசுகள் யாருக்கும் வேண்டியவராக இல்லாத மதிப்பீட்டாளரை வைத்து எழுத்தில் வாங்குங்கள்.

‘அவனுக்குத்தான் அப்பா அப்போதே கொடுத்துவிட்டாரே’ என்ற பேச்சு எழாத குடும்பம் குறைவு. வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கும் முறை ரோமானியச் சட்டத்திலேயே உண்டு. கணக்கு இப்படி: மீதிச் சொத்து 90, மூத்தவருக்கு முன்பே தந்தது 30 என்றால், இரண்டையும் கூட்டி 120, மூவருக்கும் ஆளுக்கு 40, மூத்தவருக்கு 30 போய்விட்டதால் இனி 10, மற்ற இருவருக்கும் 40, 40. பிரெஞ்சுச் சட்டம் இதை இன்றும் வைத்திருக்கிறது. இங்கிலாந்து 1996 முதல் நிகழும் மரணங்களுக்கு நீக்கிவிட்டது. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் இதை வற்புறுத்தாவிட்டாலும், எல்லோரும் மனமொத்தால் இந்தக் கணக்கின்படி பிரிக்கலாம். அப்படியானால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு ஓர் எல்லை வையுங்கள்: ஆவணம் உள்ளதும், வீடு, தொழில் போன்ற பெரிய நோக்கத்துக்குத் தந்ததும் மட்டும் என்று. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கல்லூரிக் கட்டணத்தை எண்ணத் தொடங்கினால் முடிவே வராது.

எந்தப் பொருள் யாருக்கு

இப்போதுதான் வீட்டைத் திறக்கிறோம். பணம், வைப்புத்தொகை, நிறுவனப் பங்குகள் ஆகியவற்றைப் பின்னப்படி பிரித்துவிடலாம். அதில் பேச ஒன்றுமில்லை. பிரிக்க முடியாத வீடு, வண்டி, நகை, பாத்திரம், படங்கள் ஆகியவைதான் கடினம். எல்லாவற்றையும் விற்றுப் பணமாக்குவது சட்டத்துக்கு எளிய வழி. ஆனால் அவசரத்தில் விற்ற விலையும் கைவிட்டுப்போன நினைவும் பிறகு திரும்ப வாரா.

வீடு போன்ற பெரிய ஒற்றைச் சொத்துக்கு நான் பரிந்துரைப்பது மூடிய உறை முறை. போலந்துக் கணிதவியலாளர் புரோனிஸ்லாவ் க்னாஸ்டர் உருவாக்கியது இது. நியாயமான பங்கீட்டைக் கணிதக் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஹ்யூகோ ஸ்டைன்ஹவுஸ் 1940-களில் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொருவரும் அந்த வீடு தமக்கு எவ்வளவு பெறும் என்று தாளில் எழுதி, உறையில் இட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். சம பங்குள்ள மூவர் என்று கொள்வோம். அக்கா 90, அண்ணன் 75, தம்பி 60 என்று எழுதியிருக்கிறார்கள். அதிகம் எழுதிய அக்காவுக்கு வீடு. அவரவர் மதிப்பின்படி அவரவர் நியாயப் பங்கு மூன்றில் ஒன்று: அக்காவுக்கு 30, அண்ணனுக்கு 25, தம்பிக்கு 20. அக்கா 90 பெறுமானமுள்ள வீட்டைப் பெற்றதால் 60-ஐப் பொதுவில் வைக்கிறார். அதிலிருந்து அண்ணன் 25, தம்பி 20 எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 15. அதை மூவருக்கும் ஐந்தைந்தாகப் பிரிக்கிறோம். முடிவில் அக்காவுக்கு வீடு, அவர் கொடுத்தது 55. அண்ணன் கையில் 30. தம்பி கையில் 25. தாம் எழுதிய மதிப்பைக் கொண்டு பார்த்தால், மூவருமே தமக்கு நியாயமாக வர வேண்டியதைவிட 5 கூடுதலாகப் பெற்றிருக்கிறார்கள். பங்குகள் சமமாக இல்லாவிட்டால், மூன்றால் வகுப்பதற்குப் பதிலாக அவரவர் பின்னத்தைப் பெருக்கி, மீதியையும் அதே பின்னத்தில் பிரிக்க வேண்டும்.

இந்த முறைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மற்றவர் எழுதப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஏமாற்ற இடம் உண்டாகும். ஆகவே உறை திறக்கும்வரை தொகையைப் பற்றிப் பேசவே கூடாது. இரண்டாவது, கையில் பணமில்லாதவர் வீட்டின்மீது எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் அதிகம் எழுதத் துணியமாட்டார். அதற்காக, ஈடுசெய்யும் தொகையை இரண்டு மூன்று ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம், அதுவரை வீட்டின்மீது மற்றவர்களுக்குப் பிணை உண்டு என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இறந்தவரைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வாழ்ந்து வந்திருந்தால், அவர் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை உறை எழுதுவதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும்.

சிறு பொருள்களுக்கு முறைவைத்து எடுப்பதே போதும். சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவுசெய்யுங்கள். முதல் சுற்று ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால், இரண்டாம் சுற்று மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வரட்டும். எப்போதும் ஒருவரே முதலில் எடுக்கும் அநியாயம் இதனால் குறையும். விலை உயர்ந்த நகையை இதில் கலக்காமல், எடை போட்டுத் தனியாகப் பிரிப்பது நல்லது. படங்களையும் கடிதங்களையும் நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இந்த முறைக்கு எல்லோரையும் சம்மதிக்கவைத்த பிறகு, சின்ன மாமா வீட்டார் தையல் இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். சீட்டில் பெரியம்மாவின் பெயர் முதலில் வந்தது. கடிகாரம் இருந்தது, தேக்கு அலமாரி இருந்தது. பெரியம்மா நேராக இயந்திரத்திடம் போய் அதன் சின்ன இழுப்பறையைத் திறந்தார். நூற்கண்டுகளுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று; அதில் தோள், மார்பு, கை நீளம் என்று அளவுகள், பெரியம்மாவின் இளம் வயதுக் கையெழுத்தில். மாமாவுக்கு அவர்தான் தைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எட்டு மாதமாக வாய் திறந்து அவர் சொல்லாத காரணம் அந்தத் தாளில் இருந்தது. பொருளைத் தொடுவதற்கு முன் ‘உங்களுக்கு எது வேண்டும், ஏன்’ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

சிறுவர்களும், எங்கிருக்கிறார் என்று தெரியாதவர்களும்

வயதுக்கு வராத வாரிசு இருந்தால், அவருக்காகத் தாயோ தந்தையோ போடும் கையெழுத்து எப்போதும் போதாது. அந்தப் பெற்றோரும் அதே சொத்தில் பங்குதாரர் என்றால், பல நாடுகளில் தனிக் காப்பாளரோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். இதைத் தவறவிட்டால், அந்தக் குழந்தை வளர்ந்து வந்து பங்கீட்டையே எதிர்த்து வழக்குப் போட இடமுண்டு. எங்கிருக்கிறார் என்று தெரியாத வாரிசை இல்லாதவராக எண்ணிப் பிரிக்காதீர்கள். ஏழு ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாக அனுமானிக்கும் விதி ஆங்கிலேய மரபுச் சட்டங்களில் உண்டு. ஆனாலும் நீதிமன்றம் சொல்லும்வரை அவருடைய பங்கைத் தனியே வையுங்கள்.

தமக்குப் பங்கு வேண்டாம் என்பவரிடம், யாருக்காக வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். பொதுவாக விலகுவதும், குறிப்பிட்ட ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதும் சட்டத்தில் வேறு வேறு. பொதுவாக விலகினால் அந்தப் பங்கு போய்ச் சேரும் இடத்தைச் சட்டமே முடிவுசெய்யும்.

பத்திரம்

வாய்ப்பேச்சில் முடிந்ததையெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதுங்கள். நிலமும் வீடும் இருந்தால் பல இடங்களில் அதைப் பதிவுசெய்தாக வேண்டும். வம்சாவளி, பின்னங்கள், முழுப் பட்டியல், தீர்த்த கடன்கள், யாருக்கு எது, யார் யாருக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும், எந்த நாளுக்குள், மூலப் பத்திரங்கள் யார் வசம் இருக்கும் என்பன எல்லாம் அதில் வர வேண்டும். பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதியை எழுதியே காட்டுகிறேன்: “இப்பட்டியலில் சேராத சொத்து ஏதேனும் பின்னாளில் தெரியவந்தால், அதுவும் இதே விகிதத்தில் எங்களுக்கு உரியது. இதுவரை தெரியாத கடன் ஏதேனும் இறந்தவர் பெயரில் சட்டப்படி நிரூபிக்கப்பட்டால், அவரவர் பெற்ற பங்கின் அளவுக்கு உட்பட்டு, அதையும் இதே விகிதத்தில் ஏற்கிறோம்.” எங்கள் பத்திரத்தில் இந்த இரண்டு வரிகள் இருந்ததால், இரண்டாண்டு கழித்து ஒரு பழைய சேமிப்புப் புத்தகம் கிடைத்தபோது மூவரும் ஒரே நாளில் கையெழுத்திட்டு முடித்துவிட்டார்கள்.

கையெழுத்திடுவதற்கு ஒரு வாரம் முன்பே வரைவை எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் தமக்கு வேண்டிய ஒருவரிடம் காட்டிப் படித்துக்கொள்ள நேரம் கொடுங்கள். பத்திரம் முடிந்ததும் வீடு, நிலம், வண்டி, மின்சாரம், குடிநீர் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். பொதுக் கணக்கில் வரித்துறை பாக்கிக்காக ஒரு சிறு தொகையை நிறுத்தி வைத்து, கடைசி வரிக் கணக்கு ஏற்கப்பட்ட பிறகு அதையும் பிரித்துக் கணக்கை மூடுங்கள். அந்தக் கடைசிக் கணக்கறிக்கை எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்ததும், இறந்தவரின் தொலைபேசி எண்ணை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.